முக்காலே மூணு வீசம்

ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கணக்கு நோட்டைத் திறக்கிறோம். 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருக்கிறது. நம்மில் முக்காலே மூணு வீசம் பேர் உடனே என்ன செய்கிறோம்? "இதுகூடவா தெரியல?" என்று அதட்டுகிறோம். ரப்பரை வாங்கி அழிக்கிறோம். "கீழ இருக்கிற ரெண்டையும் பெருக்கு. இதையும் அதையும் குறுக்க பெருக்கி மேல எழுது. இப்பக் கூட்டு" என்று மூச்சுவிடாமல் சொல்லி, பிள்ளையின் கையாலேயே 5/6 என்று எழுத வைத்து, நோட்டை மூடிப் பைக்குள் திணிக்கிறோம். மூன்று நிமிடம் ஆகியிருக்கும். அடுத்த வாரம் பரீட்சைத் தாளில் அதே 2/5 திரும்பி வந்தால், "அன்னிக்குத்தானே சொல்லிக் கொடுத்தேன்" என்று மறுபடியும் கோபம்.

அன்றைக்கு நாம் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதைச் சொல்லி உங்களோடு சண்டை போடத்தான் இதை எழுதுகிறேன். என் மகளும் ஆறாம் வகுப்புதான். நானும் ரப்பர் பிடித்து அழித்தவள்தான். அந்த உரிமையில் பேசுகிறேன். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, கடைசிவரை படித்துவிடுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. பிள்ளை ஏன் 2/5 என்று எழுதியது என்று அதனிடமே கேட்டிருக்கிறோமா? நான் ஒருநாள் கேட்டேன். குரலை உயர்த்தாமல் கேட்க எனக்கே நாலைந்து நாள் பிடித்தது. அவள் எழுந்து போய் மாதத் தேர்வுத் தாள்களை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். கணக்கில் 18/20. அறிவியலில் 22/25. "நீதானே அன்னிக்கு 45க்கு 40னு கூட்டின? மேல இருக்கிறதை மேல, கீழ இருக்கிறதைக் கீழ."

எனக்குப் பதில் வரவில்லை. அவள் சொன்னது சரி. மதிப்பெண்ணை நாம் அப்படித்தான் கூட்டுகிறோம், அங்கே அது முறையும்கூட. இருபது மதிப்பெண் தாள் ஒன்று, இருபத்தைந்து மதிப்பெண் தாள் வேறொன்று. இரண்டையும் ஒன்றாகக் கொட்டினால் நாற்பத்தைந்து. ஆனால் அரைத் தோசையும் மூன்றில் ஒரு பங்குத் தோசையும் அப்படி இல்லை. இரண்டும் ஒரே அளவுத் தோசையிலிருந்து வந்த துண்டுகள். எழுதும்போது மட்டும் இரண்டும் ஒரே மாதிரி, மேலே ஓர் எண், நடுவில் கோடு, கீழே ஓர் எண். அந்தக் கோடு இரண்டு இடத்திலும் வேறு வேறு வேலை செய்கிறது என்று நாம் ஒருநாளும் சொன்னதில்லை. ஏனென்றால் நம் வீட்டுக்குள் பின்னம் வருவதே மதிப்பெண்ணாக மட்டும்தான். "இருபதுக்கு எவ்வளவு?" என்று வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே கேட்கிறோமே, பிள்ளைக்குத் தெரிந்த பின்னம் அது ஒன்றுதான். அதை வைத்து அது தன் புத்திக்கு எட்டிய வழியில் நியாயமாகக் கூட்டுகிறது. அதற்கு "மக்கு" என்று பெயர் வைக்கிறோம்.

சரி, அந்த 2/5 தவறு என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? நாம் அழித்ததால் தெரியும். வேறு எந்த வழியிலும் தெரியாது. இதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஒரு தோசை போதும். அரைத் தோசையைத் தட்டில் வைத்து, அதன்மேல் இன்னொரு துண்டையும் வைத்து, "இப்ப தட்டுல இருக்கிறது அரையைவிடக் கூடவா, கொறச்சலா?" என்று கேட்டால் இரண்டாம் வகுப்புப் பிள்ளையும் கூட என்று சொல்லிவிடும். 2/5 என்பது ஐந்தில் இரண்டு. பாதிகூட இல்லை. அரையோடு ஒன்றைச் சேர்த்த பிறகு அரையைவிடக் குறைந்துபோகுமா? என் மகள் இதைக் கேட்டதும் தட்டையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவளே ரப்பரை எடுத்தாள். அவளாக அழித்த அந்தத் தவறு இன்றுவரை திரும்பவில்லை.

இது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் வந்த நோய் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் 1978இல் நடந்த தேசிய அளவிலான தேர்வு ஒன்றில் 13 வயதுப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். 12/13 + 7/8, இதன் விடை ஏறத்தாழ எவ்வளவு? கணக்குப் போட வேண்டாம், உத்தேசமாகச் சொன்னால் போதும். கொடுத்த விடைகள் 1, 2, 19, 21. தெரியாது என்றும் சொல்லலாம். 12/13 கிட்டத்தட்ட ஒன்று, 7/8 கிட்டத்தட்ட ஒன்று, ஆக இரண்டு. அந்த இரண்டைச் சொன்னவர்கள் 24 சதவீதம் பேர்தான். 28 சதவீதம் பேர் 19 என்றார்கள், மேலே இருப்பதைக் கூட்டினால் வருவது. 27 சதவீதம் பேர் 21, கீழே இருப்பதைக் கூட்டினால் வருவது. ஒரு முழுத் தட்டுகூட நிறையாத இரண்டைச் சேர்த்துப் பத்தொன்பது தட்டு, இருபத்தொரு தட்டு என்று பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் நம்பியிருக்கிறார்கள். அவர்களும் பின்னக் கூட்டலைப் பள்ளியில் படித்தவர்கள்தான். அந்த எண்கள் எதையோ குறிக்கின்றன என்பது மட்டும் அவர்கள் மனதில் இல்லாமல் போயிருந்தது.

குறுக்குப் பெருக்கல் தவறு என்று நான் சொல்லவில்லை. அதை முறையாகச் செய்தால் விடை எப்போதும் சரியாக வரும். யூடியூபில் பட்டாம்பூச்சி முறை என்று சிறகெல்லாம் வரைந்து காட்டுகிறார்கள், வாட்ஸ்அப்பில் பெற்றோர் குழுவில் மாற்றி மாற்றி அனுப்பிக்கொள்கிறோம். அர்த்தம் புரிந்த பிள்ளைக்கு அது வசதியான குறுக்குவழி. புரியாத பிள்ளையிடம் கொடுத்தால் அது எங்கே பார்த்தாலும் சிறகு வரைய ஆரம்பித்துவிடுகிறது. 2/3 × 4/5 என்று பெருக்கல் வந்தாலும் குறுக்கே பெருக்குகிறது. 1/2 + 1/3 + 1/4 என்று மூன்றாவதாக ஒன்று சேர்ந்தால் எந்தச் சிறகை எங்கே ஒட்டுவது என்று திகைத்து நிற்கிறது. அப்போது நாம் இன்னொரு வீடியோ தேடுகிறோம்.

என் அப்பா தச்சர். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். வேற்றினப் பின்னம், மீச்சிறு பொது மடங்கு என்ற சொற்களெல்லாம் அவர் காதில் விழுந்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் பின்னத்தைக் கூட்டிக் கழிக்காமல் அவருக்கு ஒருநாளும் பொழுது போனதில்லை. மர வேலையில் அங்குலத்தை எட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் நூல் என்பார்கள். அங்குலத்துக்கு எட்டு நூல். இன்றைக்கும் ஹார்டுவேர் கடையில் நின்று கேளுங்கள், நாலு நூல், ஆறு நூல் என்றுதான் பேச்சு நடக்கும்.

அரை அங்குலப் பலகை மேல் முக்கால் அங்குல ரீப்பர் அடிக்க வேண்டும் என்றால் அப்பா யோசிக்கவே மாட்டார். "நாலு நூல், ஆறு நூல், பத்து நூல். ஒண்ணேகால் இஞ்சு." அதற்கு மேல் நீளமான ஆணி அடித்தால் பின்பக்கம் எட்டிப் பார்க்கும், சின்னப் பிள்ளையாக அங்கே உட்கார்ந்து பார்த்த எனக்கே தெரியும். முக்கால் அங்குலப் பலகையில் இழைப்புளி போட்டு ஒரு நூல் இழைத்துவிட்டால் மிச்சம் ஐந்து நூல். நோட்டில் எழுதினால் அது 3/4 − 1/8 = 5/8. அவர் எழுதியதில்லை. காதில் செருகியிருந்த பென்சிலால் மரத்தில் ஒரு கோடு போடுவார், அவ்வளவுதான்.

அவர் செய்தது என்ன? அரையை அரையாகவும் முக்காலை முக்காலாகவும் வைத்துக்கொண்டு கூட்டவில்லை. இரண்டையும் நூலாக மாற்றினார். துண்டுகள் ஒரே அளவாகிவிட்டால் எண்ணினால் போதும், வேறு வித்தை எதுவும் வேண்டாம். நாலு நூலும் ஆறு நூலும் பத்து நூல். நாலு வாழைப்பழமும் ஆறு வாழைப்பழமும் பத்து வாழைப்பழம் என்பதற்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. வாழைப்பழத்தையும் வாழைப்பழத்தையும் யாராவது கூட்டுவார்களா? பழம் பழமாகவே இருக்கும், எண்ணிக்கைதான் கூடும். 4/8 + 6/8 என்பதில் கீழே இருக்கிற 8 அந்த வாழைப்பழம் மாதிரி. பார்க்க எண் போலத் தெரிகிற பெயர் அது. துண்டின் அளவு என்ன என்று சொல்கிறது. மேலே இருப்பதுதான் எத்தனை துண்டு என்று எண்ணிச் சொல்வது. பகுதியை ஏன் கூட்டக்கூடாது என்று பிள்ளை கேட்டால் இதைச் சொல்லுங்கள். "அது ரூல்" என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொல்லித்தான் நமக்கும் கணக்கு விட்டுப்போகும்படி செய்தார்கள்.

சமையல்கட்டில் இது இன்னும் சுலபம். பழைய அளவுப் பாத்திரம் வீட்டில் இருந்தால் எடுத்துவாருங்கள். நாலு உழக்கு ஒரு படி, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. உழக்கு அரிசியும் ஆழாக்கு அரிசியும் சேர்ந்தால் என்ன? மூன்று ஆழாக்கு. 1/4 + 1/8 = 3/8. பாட்டி ஆழாக்கால் அளந்து காட்டினால் முடிந்தது.

மேலே முக்காலே மூணு வீசம் பேர் என்று எழுதினேன். நீங்களும் படித்துக்கொண்டே தாண்டி வந்திருப்பீர்கள், கிட்டத்தட்ட எல்லாரும் என்று அர்த்தம் செய்துகொண்டு. அதை ஒருமுறை நின்று பாருங்கள். வீசம் என்பது 1/16. முக்கால் என்பது 3/4. முக்காலோடு மூன்று வீசம், 3/4 + 3/16. முக்காலில் பன்னிரண்டு வீசம் இருக்கிறது, அதோடு மூன்று சேர்ந்தால் பதினைந்து வீசம். பதினாறில் பதினைந்து. முழுசுக்கு ஒரே ஒரு வீசம்தான் குறைவு. வேற்றினப் பின்னக் கூட்டல் ஒன்றை நாம் பேச்சோடு பேச்சாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். அதே கூட்டலைப் பிள்ளையின் நோட்டில் பார்த்தால் மட்டும் பதறுகிறோம்.

இன்னொரு சொல் இருக்கிறது, எனக்கு இதைவிடப் பிடித்தது. அதே 1/16க்கு மாகாணி என்றும் பெயர். மா என்பது 1/20. காணி என்பது 1/80. ஒரு மாவில் நாலு காணி. மாவும் காணியும் சேர்ந்தால் ஐந்து காணி, அதாவது 5/80. சுருக்கினால் 1/16. மா, காணி, மாகாணி. விடையின் பெயருக்குள்ளேயே கணக்கை எழுதி வைத்திருக்கிறார்கள். இதை முதன்முதலாகப் போட்டுப் பார்த்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. முப்பத்தெட்டு வயதுவரை இந்தச் சொல் என் வாயில் புழங்கியிருக்கிறது, ஒருவரும் அதைத் திறந்து காட்டவில்லையே என்று இருந்தது.

அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் எண்சுவடியைப் படித்தார்கள். அதில் முந்திரி என்று ஒரு சிறு பின்னம் வரும், 1/320. ஏன் முந்நூற்றிருபது? அந்த அளவில் துண்டு போட்டால் மாகாணி இருபது முந்திரி, மா பதினாறு முந்திரி, காணி நாலு முந்திரி. கால், அரை, அரைக்கால் எல்லாமே முழு முந்திரிகளாக வந்துவிடும். என் அப்பாவுக்கு நூல் எப்படியோ, கணக்கப்பிள்ளைகளுக்கு முந்திரி அப்படி. எதைக் கூட்டினாலும் அதில் இறக்கிக் கூட்டிவிடலாம். தஞ்சைப் பக்கத்து நிலக் கணக்கில் ஒரு வேலிக்கு இருபது மா என்பதும் இதே மாதான். ரூபாய்க்குப் பதினாறு அணா என்று இருந்தது 1957 ஏப்ரல் 1 அன்று நூறு பைசாவாக மாறும்வரை வீசக் கணக்கு சந்தையிலும் புழங்கியது. எட்டணா, நாலணா என்று இன்றும் சொல்கிற பெரியவர்கள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள். எட்டணாவும் நாலணாவும் பன்னிரண்டணா, அதாவது முக்கால் ரூபாய் என்று அவர்களிடம் கேட்டுப் பிள்ளை தெரிந்துகொள்ளட்டும்.

பழையது எல்லாமே பொன் என்று சொல்ல வரவில்லை. திண்ணையில் பிரம்பும் இருந்தது, மனப்பாடமும் இருந்தது. எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் அங்கே இடம் இருந்ததில்லை. பெண் குழந்தைகள் உட்கார்ந்தது அரிது. என் பாட்டிக்கு அந்தத் திண்ணையில் இடம் கிடைத்திருக்காது. ஆனாலும் அளந்து, பங்கு போட்டு, கூலி கணக்கிட்டு வாழ்ந்த மக்கள் பின்னத்துக்குக் கையில் பிடிக்கிற மாதிரி பெயர் வைத்திருந்தார்கள். நாம் அந்தப் பெயர்களைப் பேச்சில் வைத்துக்கொண்டு பொருளைத் தொலைத்துவிட்டோம்.

அந்தப் பெயர்களில் ஒரு குறையும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அரை, கால், வீசம், மா, காணி எல்லாம் இரண்டாலும் ஐந்தாலும் பிரிந்தவை. மூன்றில் ஒன்றுக்கு அந்த வரிசையில் பெயர் இல்லை. முந்நூற்றிருபது மூன்றால் வகுபடாது. ஆறாம் வகுப்புப் பிள்ளை தடுக்கி விழுகிற இடமும் பெரும்பாலும் அதுதான். 1/2 + 1/4 என்றால் எப்படியோ சமாளித்துவிடும், 1/2 + 1/3 என்றால் விழும். அங்கே நமக்கு உதவி சுவரில் தொங்குகிறது. கடிகாரம்.

ஒரு மணி நேரத்தில் பாதி எவ்வளவு? அரை மணி, 30 நிமிடம். மூன்றில் ஒரு பங்கு? பிள்ளை கொஞ்சம் யோசிக்கும், யோசிக்கட்டும், வாயைத் திறக்காதீர்கள். 20 நிமிடம் என்று சொல்லும். சேர்த்தால் 50. அறுபதில் ஐம்பது. 50/60. இப்போது கேளுங்கள், "நிமிஷம் நிமிஷமா வெட்டணுமா, இன்னும் பெரிய துண்டா வெட்டினா ஆகாதா?" பத்துப் பத்து நிமிடமாக வெட்டலாம். மணிக்கு ஆறு துண்டு. அரைக்கு மூன்று துண்டு, மூன்றில் ஒன்றுக்கு இரண்டு துண்டு, மொத்தம் ஐந்து. 5/6. முதல் நாள் நாம் பிள்ளையின் கையைப் பிடித்து எழுதவைத்தோமே, அதே 5/6தான். இப்போது அது எங்கிருந்து வந்தது என்று பிள்ளைக்குத் தெரியும்.

அந்த ஆறுதான் மீச்சிறு பொது மடங்கு, மீ.சி.ம. இரண்டின் மடங்குகள் 2, 4, 6. மூன்றின் மடங்குகள் 3, 6. இரண்டு வரிசையும் முதலில் சந்திக்கிற இடம் ஆறு. பெரிய பெயராக இருக்கிறதே என்று நாம் பயந்த சமாச்சாரம் இவ்வளவுதான், இரண்டு பேருக்கும் ஒத்துவருகிற மிகப்பெரிய துண்டு. மிருதங்கம் கற்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் அதற்கு இன்னும் சீக்கிரம் பிடிபடும். தகிட தகிட என்று நாலு முறையும், தகதிமி தகதிமி என்று மூன்று முறையும் சொன்னால் இரண்டும் பன்னிரண்டில் வந்து சேரும். 1/3க்கும் 1/4க்கும் பன்னிரண்டு ஏன் என்று அந்தப் பிள்ளைக்குக் கைதட்டிக் காட்டினால் போதும். ஒன்பதாம் நூற்றாண்டில், இன்றைய கர்நாடகப் பகுதியை ஆண்ட ராஷ்டிரகூடர் காலத்தில், மகாவீரர் என்ற சமணக் கணிதர் கணித சார சங்கிரகம் என்ற நூலில் இந்த மீச்சிறு பொது மடங்கைச் சொல்லி, அதை வைத்துப் பின்னங்களை ஓரினமாக்கிக் கூட்டச் சொல்கிறார். அந்த நூல் ரங்காசாரியரின் ஆங்கில மொழிபெயர்ப்போடு 1912இல் சென்னையில்தான் அச்சாயிற்று. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாக மனிதர்கள் யோசித்துக் கண்டுபிடித்துச் செப்பனிட்ட ஒன்றை நம் பிள்ளை மூன்று நிமிடத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

நாளையும் இப்படிப் பங்கு போடலாம். நாள் என்றால் 24 துண்டு. பிள்ளை தூங்குவது 3/8 பங்கு, ஒன்பது மணி நேரம். பள்ளிக்கூடம், போகவர வண்டி எல்லாம் சேர்ந்து 1/3 பங்கு, எட்டு மணி நேரம். டியூஷன் 1/12 பங்கு, இரண்டு மணி நேரம். மொத்தம் 19/24. ஒன்றிலிருந்து கழித்தால் 5/24. குளிக்க, சாப்பிட, வீட்டுப்பாடம் எழுத, விளையாட, சும்மா இருக்க எல்லாவற்றுக்கும் சேர்த்து ஐந்து மணி நேரம். என் மகள்தான் இந்தக் கணக்கைப் போட்டாள். போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். அந்த மாதமே நான் அந்த 1/12ஐ எடுத்துவிட்டேன். உங்கள் வீட்டில் எது எடுக்க வேண்டியது என்று நீங்கள் பாருங்கள்.

கழித்தலில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மூன்றேகால் மணி நேரத்திலிருந்து ஒன்றே முக்காலைக் கழி என்றால்கூடச் சமாளிக்கும் பிள்ளை, 3 1/4 − 1 2/3 என்றால் மாட்டிக்கொள்ளும். பன்னிரண்டாக வெட்டுகிறது, கால் என்பது 3/12, மூன்றில் இரண்டு என்பது 8/12. மூன்றிலிருந்து எட்டு போகாது. உடனே பிள்ளை என்ன செய்கிறது? எட்டிலிருந்து மூன்றைக் கழித்து 2 5/12 என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறது. பெரியதிலிருந்து சின்னதைக் கழி என்று ஒன்றாம் வகுப்பில் நாம் ஊட்டியது அது. மறுபடியும் கடிகாரம். 3 மணி 15 நிமிடத்திலிருந்து 1 மணி 40 நிமிடத்தைக் கழி. பதினைந்திலிருந்து நாற்பது போகாது, ஒரு மணியை உடைத்து அறுபது நிமிடமாக்கினால் எழுபத்தைந்து. போக மிச்சம் 35. மணியில் இரண்டிலிருந்து ஒன்று போக ஒன்று. 1 மணி 35 நிமிடம், அதாவது 1 7/12. ஒரு முழுசை உடைத்து 12/12 ஆக்கி, இருக்கிற 3/12ஓடு சேர்த்து 15/12 ஆக்குவதும் இதே வேலைதான். கடன் வாங்குதல் என்று சொல்லாதீர்கள். யாரிடமும் வாங்கவில்லை, திருப்பிக் கொடுக்கவும் போவதில்லை. நூறு ரூபாய் நோட்டை உடைத்துச் சில்லறை வாங்குகிற மாதிரி என்று சொல்லுங்கள், பிள்ளைக்குப் பொருந்தும்.

இப்போது மனம் நோகிற ஒன்றைச் சொல்லப் போகிறேன். "எனக்கே கணக்கு வராது, எங்க வம்சத்துக்கே வராது" என்று பிள்ளையின் காதுபடச் சொல்கிறோம். ஆறுதலாகத்தான் சொல்கிறோம், ஆனால் பிள்ளை அதை அனுமதிச் சீட்டாக வாங்கி வைத்துக்கொள்கிறது. அமெரிக்காவில் ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து நடந்து 2015இல் வெளியான ஆய்வு ஒன்று, கணக்கைக் கண்டு பயப்படுகிற பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவிய வீடுகளில், அந்த வருடம் பிள்ளைகள் கணக்கில் குறைவாகவே முன்னேறினார்கள் என்று கண்டது. உதவாமல் இருந்துவிடலாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பயத்தோடும் எரிச்சலோடும் செய்கிற உதவியைப் பிள்ளை உதவியாக எடுத்துக்கொள்வதில்லை, பயத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. இரவு ஒன்பதரைக்கு வேலை முடிந்து வந்து, சாப்பிடாமல், ஃபோனை ஒரு கையில் வைத்துக்கொண்டு "எங்கே காட்டு" என்று நோட்டைப் பிடுங்குகிற அப்பாக்களே, உங்களைத்தான் சொல்கிறேன். அந்த நேரத்தில் உட்காராதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் உட்காருங்கள்.

பின்னம்தானே, போனால் போகட்டும், பிறகு கால்குலேட்டர் இருக்கிறது என்று சிலர் என்னிடம் சொல்கிறார்கள். 2012இல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்கப் பிள்ளைகளையும் பிரிட்டன் பிள்ளைகளையும் பத்து வயதிலிருந்து உயர்நிலைப் பள்ளிவரை தொடர்ந்து பார்த்த தரவுகளை ஆராய்ந்தார்கள். குடும்ப வருமானம், பெற்றோர் படிப்பு, பிள்ளையின் பொதுவான அறிவுத்திறன் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும், பத்து வயதில் பின்னமும் வகுத்தலும் தெரிந்த பிள்ளைகள்தான் ஐந்தாறு ஆண்டு கழித்து இயற்கணிதத்தில் முன்னால் இருந்தார்கள். பத்தாம் வகுப்பில் பிள்ளை கணக்கில் கஷ்டப்படுகிறது என்று அப்போது ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டி ஓடுகிறோம். அது வழுக்கிய இடம் இங்கே, ஆறாம் வகுப்பில், நாம் மூன்று நிமிடத்தில் மூடிய அந்தப் பக்கத்தில் இருக்கிறது.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. விடையைச் சொல்லாதீர்கள். கணக்கைப் போடும் முன்பே, "அரையைவிடக் கூட வருமா, ஒண்ணைவிடக் கூட வருமா?" என்று மட்டும் கேளுங்கள். தப்பாகச் சொன்னால் ஏன் அப்படி நினைத்தாய் என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருங்கள். எனக்கு இந்தக் காத்திருத்தல்தான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. நாக்கு நுனிவரை விடை வந்து நிற்கும். குறுக்குப் பெருக்கலைப் பிள்ளை பள்ளியில் கற்றுக்கொண்டு வரட்டும், தடுக்க வேண்டாம். அது ஏன் வேலை செய்கிறது என்று ஒரு நாள் அதுவே கேட்கிற அளவுக்குத் தோசையும் கடிகாரமும் அங்குலம் அளக்கிற டேப்பும் அதன் கைக்குப் பழகியிருந்தால் போதும்.

போன மாதம் அப்பா எங்களோடு வந்து தங்கியிருந்தார். கண் முன்போல் தெரிவதில்லை, ஆனாலும் டேப் இல்லாமல் எங்கும் வரமாட்டார். என் மகள் அதை இழுத்து வைத்துக்கொண்டு அங்குலத்துக்குள் இருக்கிற எட்டுக் கோடுகளை விரலால் எண்ணிக்கொண்டிருந்தாள். திடீரென்று கேட்டாள், "தாத்தா, மூணுல ஒரு இஞ்சு இதுல எங்க இருக்கு?"

அப்பா டேப்பை வாங்கிக் கண்ணருகில் வைத்துப் பார்த்தார். "ரெண்டு நூலுக்கும் மூணு நூலுக்கும் நடுவுல எங்கயோ வரும் கண்ணு. கோட்டுல உக்காராது."

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. நான் வாயைத் திறக்கப் போனேன், அடக்கிக்கொண்டேன். "ஒவ்வொரு நூலையும் இன்னும் மூணா வெட்டினா?" என்றாள். "மூணெட்டு இருபத்தி நாலு. அப்ப மூணுல ஒண்ணு எட்டுக் கோடு. ஒரு நூலு மூணு கோடு. ரெண்டையும் கூட்டினா பதினொண்ணு." நோட்டை எடுத்து 1/3 + 1/8 = 11/24 என்று எழுதினாள். அவ்வளவு சின்னக் கோடுகளை டேப்பில் போட முடியுமா என்று அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அப்பா காதிலிருந்து பென்சிலை எடுத்து, ஊசி முனை வரும்வரை சீவி, அவளிடம் நீட்டினார்.